பொறியியல், அறிவியல் படிக்கப் போகும் பட்டியலின, பழங்குடியின, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு அரசு தரும் பணம்: சான்றிதழ் முதல் வங்கிக் கணக்கு வரை

1942-இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த அம்பேத்கர், பட்டியல் வகுப்பினரின் குறைகளை விவரித்து அரசுக்கு ஒரு நீண்ட மனு கொடுத்தார். அதில் அவர் அழுத்திக் கேட்டது அறிவியலுக்கும் தொழில்நுட்பத்துக்கும் உதவித்தொகை. அந்தப் படிப்புகளுக்கு ஆகும் செலவை ஏழைக் குடும்பங்கள் தாங்காது, அரசு கொடுத்தால்தான் உண்டு என்பது அவருடைய வாதம். 1944-இல் பட்டியல் வகுப்பு மாணவர்களுக்கான மேற்படிப்பு உதவித்தொகை தொடங்கியது. இன்று கல்லூரிகளில் ‘போஸ்ட் மெட்ரிக்’ என்று சுருக்கமாகச் சொல்கிறோமே, அதுதான் இது.

எண்பது வருடங்களில் இதோடு இன்னும் பல திட்டங்கள் சேர்ந்துவிட்டன. தமிழ்நாட்டில் பொறியியலோ அறிவியலோ படிக்க நினைக்கும் பட்டியலின, பழங்குடியின மாணவருக்கும், மாற்றுத்திறனாளி மாணவருக்கும், குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதிப்பவருக்கும் மாநில அரசும் மத்திய அரசும் தனித்தனியாகப் பணம் ஒதுக்குகின்றன. சில வருடங்களாக எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுத்து வருகிறேன். பணம் வராமல் போனவர்களில் தகுதி இல்லாதவர்கள் குறைவு. பெயரில் ஓர் எழுத்து மாறியதாலும், கடைசித் தேதி தவறியதாலும், வங்கிக் கணக்கு சரியில்லாததாலும் இழந்தவர்களே அதிகம். அதனால் திட்டங்களின் பட்டியலை விட, எதை எப்போது செய்ய வேண்டும் என்பதற்கே இங்கே கூடுதல் இடம் கொடுக்கிறேன்.

படி 1: பன்னிரண்டாம் வகுப்பு முடிவதற்கு முன்பே காகிதங்களைச் சரிசெய்யுங்கள்

மே மாதம் தேர்வு முடிவு வந்த பிறகு இ-சேவை மையத்துக்குப் போனால் ஊரே அங்கே நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் போனால் பத்து நிமிட வேலை. ஒரு சான்றிதழுக்குக் கட்டணம் 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மேலே போகும். ஒவ்வொரு மேசையிலும் சில நாட்கள் கிடக்கலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பட்டியலினத்தவருக்கு வட்டாட்சியர் அளவிலேயே கிடைத்துவிடும். பழங்குடியினருக்கு வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான் வழங்க வேண்டும். நேரில் விசாரணை, உறவினர்களின் பழைய சான்றிதழ்கள் என்று அது மாதக்கணக்கில் இழுக்கும். பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளை வீட்டில் இருந்தால் பத்தாம் வகுப்பிலேயே தொடங்கிவிடுங்கள். மதிப்பெண் இருந்தும், கலந்தாய்வு நாளில் இந்த ஒரு காகிதம் கையில் இல்லாமல் பொதுப் பிரிவில் போட்டியிட்ட பிள்ளையைப் பார்த்திருக்கிறேன். அந்த நிலைமை யாருக்கும் வரக் கூடாது.

வருமானச் சான்றிதழ் அப்படி அல்ல, ஒரு வருடம்தான் செல்லும். விண்ணப்பிக்கும் நாளில் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். இரண்டு எண்களை மனதில் வையுங்கள்: 2.5 லட்சம், 8 லட்சம். பெரும்பாலான திட்டங்களின் வாசல் இந்த இரண்டில் ஒன்றுதான். குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் கிடைக்கும். அதைத் தாண்டிவிட்டால் எல்லாம் போய்விட்டது என்று பலர் நினைத்து ஒதுங்கிவிடுகிறார்கள். 8 லட்சம் வரை வேறு கதவுகள் திறந்திருக்கின்றன. அவற்றைக் கீழே சொல்கிறேன்.

குடும்பத்தில் யாருமே பட்டம் படிக்கவில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழும் வாங்குங்கள். இதற்குக் கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்றும் உண்டு. அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே ஏதாவது ஒரு பட்டம் படித்திருந்தால் இது கிடைக்காது. உறுதிமொழியில் உண்மையை மட்டுமே எழுதுங்கள். பின்னால் சரிபார்ப்பில் மாட்டினால் கட்டணச் சலுகை முழுவதையும் திருப்பிக் கட்ட வேண்டி வரும்.

பெயரும் இனிஷியலும்

நம் ஊரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். மதிப்பெண் பட்டியலில் ‘கவிதா மு’ என்று இருக்கும். ஆதாரில் ‘மு கவிதா’. வங்கிப் பாஸ்புக்கில் ‘கவிதா முருகன்’. நமக்கு மூன்றும் ஒரே பிள்ளைதான், கணினிக்கு மூன்று பேர். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு நான் பார்த்த காரணங்களில் இதுவே முதலிடத்தில் இருக்கிறது.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் இருப்பதை மூலமாக வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றுங்கள். ஆதாரில் பெயர் மாற்றுவது எளிது, மதிப்பெண் பட்டியலில் மாற்றுவது பெரும்பாடு. பிறந்த தேதியையும் அப்படியே ஒப்பிட்டுப் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் போட்ட தேதி ஒன்றாகவும், ஆதாரில் உள்ளது இன்னொன்றாகவும் இருப்பது கிராமத்துப் பிள்ளைகளிடம் சகஜம்.

ஆதாரில் இருக்கும் கைபேசி எண் இப்போதும் பயன்பாட்டில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அப்பாவின் பழைய எண், எப்போதோ தொலைந்த சிம் என்று இருந்தால் ஓடிபி வராது. ஓடிபி வராவிட்டால் எதுவுமே நகராது.

படி 2: மாற்றுத்திறனாளி என்றால் யூடிஐடி அட்டை

பழைய அடையாளப் புத்தகம் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். மத்திய அரசின் உதவித்தொகைகளுக்கு இப்போது யூடிஐடி என்ற தனித்துவ அடையாள அட்டையின் எண்தான் கேட்கிறார்கள். ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பித்து, அரசு மருத்துவமனையின் மருத்துவக் குழு முன் நேரில் போக வேண்டும். குழு எல்லா நாளும் கூடாது. உங்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எந்தக் கிழமை என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வீல்சேரில் ஐம்பது கிலோமீட்டர் வந்து திரும்பிப் போவது சாதாரண விஷயம் அல்ல.

அட்டையின் நிறம் சதவீதத்தைச் சொல்லும். 40-க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80-க்குள் மஞ்சள், 80-உம் அதற்கு மேலும் நீலம். இட ஒதுக்கீடும் உதவித்தொகையும் 40 சதவீதத்தில்தான் தொடங்குகின்றன. அட்டையில் காலாவதி தேதி போட்டிருந்தால் படிப்பு முடியும் வரை அது செல்லுமா என்று பாருங்கள்.

இன்னொன்றை விரிவாகச் சொல்ல வேண்டும். மாற்றுத்திறன் என்றால் கண், காது, கை கால் என்று மட்டுமே நம் மக்கள் நினைக்கிறார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளைச் சேர்த்திருக்கிறது. டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு, ஆட்டிசம், மனநோய், ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல் என்ற அரிவாள் அணுச் சோகை, ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டோர் எல்லோரும் அதில் உண்டு. மாதம் ஒருமுறை ரத்தம் ஏற்றிக்கொண்டு இயற்பியல் படிக்கும் ஒரு பிள்ளைக்கு, தான் இந்தச் சட்டத்துக்குள் வருகிறோம் என்பதே தெரியாமல் இருக்கலாம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதே சட்டம்தான் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடத்தையும், வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வையும் உறுதி செய்கிறது.

படி 3: வங்கிக் கணக்கை இன்றைக்கே சோதியுங்கள்

‘ஆதாரை பேங்கில் லிங்க் பண்ணிட்டோம்’ என்று எல்லோரும் சொல்வார்கள். அது போதாது. வங்கியின் பதிவேட்டில் ஆதார் எண் இருப்பது ஒன்று. அரசுப் பணம் இந்த ஆதாருக்கு இந்தக் கணக்கில் போக வேண்டும் என்று, வங்கிகளுக்கு இடையே பணம் அனுப்பும் தேசிய அமைப்பான என்பிசிஐயின் தொகுப்பில் பதிவாகி இருப்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் ‘சீடிங்’ என்கிறார்கள். மை ஆதார் இணையதளத்தில் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்ற இடத்தில் எந்த வங்கி, செயலில் உள்ளதா என்று தெரியும்.

ஓர் ஆதாருக்கு ஒரு கணக்கு மட்டுமே இப்படிப் பதிவாகும். கடைசியாக எந்த வங்கியில் சம்மதம் கொடுத்தீர்களோ அங்கேதான் பணம் போகும். கல்லூரியில் சேரும்போது வளாகத்தில் இருக்கும் வங்கியில் புதுக் கணக்கு தொடங்கச் சொல்வார்கள். அந்தப் படிவத்தில் எங்கேயாவது ஒரு பெட்டியில் டிக் அடித்திருந்தால், உங்களுக்கே தெரியாமல் சீடிங் அங்கே மாறிவிடும். பணம் வரவில்லை என்று தேடும்போது இந்தப் புதுக் கணக்கையும் பாருங்கள்.

பள்ளி நாட்களில் முழு ஆவணம் இல்லாமல் தொடங்கிய ‘சிறு கணக்கு’ என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. அதில் இருப்பு 50,000 ரூபாயையும், ஓர் ஆண்டில் வரும் மொத்தத் தொகை 1 லட்சத்தையும் தாண்டக் கூடாது. பொறியியல் கட்டணம் அளவுக்கு ஒரு தொகை வரும்போது இந்த வரம்புகளால் சிக்கல் வரலாம். வங்கிக்குப் போய் ஆவணம் கொடுத்துச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 4: எந்த வழியில் சேர்கிறீர்கள் என்பதே பணத்தைத் தீர்மானிக்கும்

பொறியியலுக்கு ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகவே சேருங்கள். கல்லூரியின் முகவர் வீட்டுக்கே வந்து, ‘நிர்வாக ஒதுக்கீட்டில் சீட் தருகிறோம், ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே பார்த்துக்கொள்கிறோம்’ என்பார். அதை நம்பிச் சான்றிதழ்களைக் கையில் கொடுத்துவிடாதீர்கள். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். 7.5 சதவீத ஒதுக்கீடும் அங்கேதான்.

அந்த 7.5 சதவீதத்தைப் பற்றிக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டின் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் ஒதுக்கீடு தரும் சட்டம் 2021-இல் வந்தது. பொறியியலில் இப்படிச் சேர்பவரின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. சாதி, வருமானம் எதையும் இதற்குப் பார்ப்பதில்லை. பட்டியலின மாணவரோ மாற்றுத்திறனாளி மாணவரோ அரசுப் பள்ளியில் படித்தவர் என்றால் முதலில் பார்க்க வேண்டிய கதவு இதுதான். பள்ளித் தலைமையாசிரியரிடம் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த சான்றை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கலந்தாய்வுப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. மாற்றுத்திறனாளிகளுக்கு 5 சதவீத இடம். அவர்களுக்கான சிறப்புப் பிரிவுக் கலந்தாய்வு பொதுக் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும். தேதியைத் தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது.

ஐஐடி, என்ஐடி கிடைத்த பிள்ளைகளுக்கு: 2016-இல் ஐஐடி கட்டணத்தை ஆண்டுக்கு 90,000-இலிருந்து 2 லட்சமாக உயர்த்தியபோதே, பட்டியலின, பழங்குடியின, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்குப் படிப்புக் கட்டணம் முழுவதும் விலக்கு என்று முடிவாகிவிட்டது. இதற்கு வருமான வரம்பு இல்லை. ஆனால் விடுதி, மெஸ், மற்ற கட்டணங்கள் தனி. அவற்றுக்குத்தான் கீழே வரும் ‘டாப் கிளாஸ்’ திட்டம். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்து ஐஐடி போன்ற நிறுவனங்களில் சேர்பவரின் கல்விச் செலவை மாநில அரசே ஏற்கும் என்ற அறிவிப்பு 2022-ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் வந்தது. அப்படி இடம் கிடைத்த பிள்ளை பள்ளிக்கும் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கும் உடனே தகவல் சொல்ல வேண்டும்.

படி 5: எது உங்களுக்கு லாபம்? கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

ஒரே நோக்கத்துக்கான இரண்டு பெரிய உதவித்தொகைகளை ஒரே நேரத்தில் வாங்க முடியாது. ஆகவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இங்கேதான் பலர் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளை எதற்கு விண்ணப்பித்ததோ அதற்கே விண்ணப்பித்துவிடுகிறார்கள்.

முதலில் போஸ்ட் மெட்ரிக். 2021-இல் வந்த விதிகளின்படி, 2.5 லட்சத்துக்குள் வருமானம் உள்ள பட்டியலின மாணவருக்குத் திருப்பித் தரப்படாத கட்டாயக் கட்டணங்கள் கிடைக்கும். அதோடு ஆண்டுக்கு ஒரு படிப்பு உதவியும் உண்டு. பி.இ., பி.டெக். படிப்பவர் விடுதியில் இருந்தால் 13,500, வீட்டிலிருந்து போய் வந்தால் 7,000 ரூபாய். பி.எஸ்சி.க்கு 6,000, 3,000. பாலிடெக்னிக் டிப்ளமோவுக்கு 4,000, 2,500. மாற்றுத்திறனாளியாகவும் இருந்தால் இந்த உதவியில் 10 சதவீதம் கூடுதல். செலவில் 60 சதவீதம் மத்திய அரசு, 40 சதவீதம் மாநில அரசு. பழங்குடியினருக்கு இதேபோல் தனித் திட்டம், வருமான வரம்பு அதே 2.5 லட்சம், உதவித்தொகை விகிதம் மட்டும் வேறு.

அடுத்தது சக்ஷம். தொழில்நுட்பக் கல்விக்கான அகில இந்தியக் குழுவான ஏஐசிடிஇ அங்கீகரித்த கல்லூரியில் டிப்ளமோவோ பொறியியல் பட்டமோ படிக்கும் மாற்றுத்திறனாளிக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய். 40 சதவீதம் முதல், குடும்ப வருமானம் 8 லட்சம் வரை. முதலாண்டில் சேர்பவரும், டிப்ளமோ முடித்து நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்பவரும் விண்ணப்பிக்கலாம். பெண்களுக்கான பிரகதி திட்டமும் இதே 50,000, இதே 8 லட்சம். ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை.

இப்போது ஒரு கணக்கு. பட்டியலினத்தைச் சேர்ந்த, கேட்கும் திறன் குறைந்த ஒரு மாணவி. குடும்ப வருமானம் 1.8 லட்சம். கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரி கிடைத்து, கட்டணம் 55,000 என்று வைத்துக்கொள்வோம். விடுதியில் தங்கினால் போஸ்ட் மெட்ரிக்கில் 55,000, அதோடு 13,500, அதில் 10 சதவீதமான 1,350. மொத்தம் 69,850. சக்ஷம் என்றால் 50,000. போஸ்ட் மெட்ரிக்தான் சரி.

அதே மாணவிக்கு அரசுப் பொறியியல் கல்லூரி கிடைத்து, எல்லாம் சேர்த்தே கட்டணம் 15,000 என்றால்? வீட்டிலிருந்து போய் வந்தால் போஸ்ட் மெட்ரிக்கில் 15,000, அதோடு 7,700. மொத்தம் 22,700. சக்ஷமில் 50,000. இங்கே சக்ஷம் இரண்டு மடங்குக்கு மேல் வருகிறது. கட்டணம் குறைவான கல்லூரியில் நிலையான தொகை தரும் திட்டமும், கட்டணம் அதிகமான கல்லூரியில் கட்டணத்தையே ஏற்கும் திட்டமும் லாபம். நல்ல மதிப்பெண் எடுத்து அரசுக் கல்லூரியில் சேர்ந்த பிள்ளைகள்தான் இந்தக் கணக்கைப் போடாமல் அதிகம் இழக்கிறார்கள். மனது கேட்கவில்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். எதில் விண்ணப்பிக்கப் போகிறீர்கள் என்பதைக் கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பிரிவில் எழுத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் தாங்களாகவே இன்னொன்றில் உங்கள் பெயரைச் சேர்த்துவிட்டால் இரண்டும் நின்றுவிடும்.

பி.எஸ்சி., எம்.எஸ்சி. படிக்கும் மாற்றுத்திறனாளிக்குச் சக்ஷம் பொருந்தாது. அவர்களுக்கு மத்திய மாற்றுத்திறனாளிகள் துறையின் போஸ்ட் மெட்ரிக் இருக்கிறது. வருமான வரம்பு 2.5 லட்சம். கட்டணம், மாதாந்திர உதவி, புத்தகத்துக்கு ஒரு தொகை, மாற்றுத்திறன் படி என்று பிரித்துத் தருகிறார்கள். நாடு முழுவதற்கும் 17,000 இடம். அறிவிக்கப்பட்ட உயர்தர நிறுவனங்களில் படிப்போருக்கு ‘டாப் கிளாஸ்’: 300 இடம்தான், வருமானம் 8 லட்சம் வரை. ஆண்டுக்கு 2 லட்சம் வரை கட்டணம், விடுதியில் இருந்தால் மாதம் 3,000, சிறப்புப் படி மாதம் 2,000, புத்தகத்துக்கு ஆண்டுக்கு 5,000. சிறப்புப் படி என்பது வாசிப்பாளர், உதவியாளர் போன்ற செலவுகளுக்கானது. பார்வையற்ற ஒரு மாணவர் கணிதப் புத்தகத்தைப் பிறர் வாசிக்கக் கேட்டுப் படிக்க எவ்வளவு நேரமும் பணமும் ஆகும் என்பதை அருகில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

பட்டியலினத்தவருக்கும் தனியாக ஒரு ‘டாப் கிளாஸ்’ உண்டு. ஐஐடி, என்ஐடி போன்ற நிறுவனங்கள், வருமானம் 8 லட்சம் வரை. கட்டணத்தோடு முதலாண்டில் 86,000, அடுத்தடுத்த ஆண்டுகளில் 41,000 ரூபாய் படிப்பு உதவி. லேப்டாப், புத்தகம், தங்கும் செலவு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தத் தொகை. நிறுவனத்துக்கு இத்தனை இடம் என்று அளவு இருப்பதால், சேர்ந்த முதல் வாரத்திலேயே அங்குள்ள பொறுப்பு அலுவலரைப் பாருங்கள்.

இவற்றோடு சேர்த்தே வாங்கக் கூடியது

2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாய் தருகின்றன. அரசுப் பள்ளியிலோ, அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்திருக்க வேண்டும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். சிறிய தொகை என்று விட்டுவிடாதீர்கள், நான்கு வருடங்களில் 48,000. மாநில மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் உதவித்தொகை, பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான வாசிப்பாளர் உதவித்தொகை ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். தங்க இடம் வேண்டுமென்றால் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்லூரி விடுதிகளில் இலவசமாகத் தங்கலாம். 2025-இல் இவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாற்றினார்கள்.

படி 6: விண்ணப்பம் போடுவது

மாநில வழியில் வரும் போஸ்ட் மெட்ரிக்குக்குக் கல்லூரி உங்களை யூமிஸ் என்ற, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான மாநில அரசின் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்த யூமிஸ் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சக்ஷம், பிரகதி, டாப் கிளாஸ், மாற்றுத்திறனாளிகளின் போஸ்ட் மெட்ரிக் எல்லாம் மத்திய அரசின் தேசிய உதவித்தொகைத் தளமான என்எஸ்பியில். அங்கே முதலில் ஓடிஆர் என்ற ஒருமுறைப் பதிவு. 14 இலக்க எண் ஒன்று வரும், படிப்புக் காலம் முழுவதற்கும் அதே எண்தான். கைபேசியில் முகம் காட்டிச் சரிபார்க்க வேண்டும். வெளிச்சம் உள்ள இடத்தில் செய்யுங்கள்.

கடைசித் தேதி பெரும்பாலும் தள்ளிப் போகும் என்பதை நம்பி உட்காராதீர்கள். நீங்கள் ‘சப்மிட்’ அழுத்தியதோடு வேலை முடிவதில்லை. கல்லூரியின் பொறுப்பு அலுவலர் சரிபார்க்க வேண்டும், அதற்கு மேலே இன்னொரு நிலை. விண்ணப்ப நகலையும் சான்றிதழ்களையும் கல்லூரியில் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வாரம் ஒருமுறை உள்ளே நுழைந்து நிலையைப் பாருங்கள். ‘டிஃபெக்டிவ்’ என்று வந்தால் பயப்பட வேண்டாம், திருத்தி அனுப்பச் சொல்கிறார்கள் என்றுதான் பொருள். ‘ரிஜெக்டட்’ என்றால்தான் அந்த ஆண்டுக்கு முடிந்தது. டிஃபெக்டிவ் என்று வந்ததைக் கவனிக்காமல் விட்டு, திருத்தும் காலம் தாண்டிப் போனவர்கள் நிறைய.

படி 7: பணம் வந்த பிறகு

2021-22 முதல் போஸ்ட் மெட்ரிக்கில் மத்திய அரசின் பங்கு மாணவர் கணக்குக்கே நேரடியாக வருகிறது. மாணவர்தான் அதைக் கல்லூரிக்குக் கட்ட வேண்டும். வீட்டில் கஷ்டம் இருக்கும்போது கணக்கில் பெரிய தொகை வந்தால் மருத்துவச் செலவு, கடன் என்று கை அதை நோக்கித்தான் போகும். யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் கல்லூரிக் கட்டணம் நிலுவையில் நின்றால் ஹால் டிக்கெட்டில் சிக்கல், கடைசியில் மாற்றுச் சான்றிதழில் சிக்கல். வந்த அன்றே கட்டணப் பகுதியைக் கட்டி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். படிப்பு உதவித் தொகை மட்டுமே உங்களுடையது.

பணம் வரும் முன்பே ‘முதலில் முழுக் கட்டணத்தையும் கட்டு, ஸ்காலர்ஷிப் வந்ததும் தருகிறோம்’ என்று கல்லூரி கேட்டால், போஸ்ட் மெட்ரிக் விதிகளில் ‘ஃப்ரீஷிப் கார்டு’ என்று ஒன்று இருப்பதை நினைவில் வையுங்கள். தகுதியுள்ள பட்டியலின மாணவர் கட்டணத்தை முன்கூட்டிக் கட்டாமலேயே சேர்வதற்கான ஏற்பாடு அது. பணிவாக, ஆனால் எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் வாய்மொழியாகவே பதில் வரும்.

ஒவ்வோர் ஆண்டும் புதுப்பிக்க வேண்டும் என்பதைப் பலர் இரண்டாம் ஆண்டில் மறந்துவிடுகிறார்கள். புதிய வருமானச் சான்றிதழ், முந்தைய ஆண்டு மதிப்பெண், கட்டண ரசீது மூன்றையும் ஜூனிலேயே எடுத்து வையுங்கள்.

மேலே படிக்க நினைப்பவர்களுக்கு

எம்.டெக். என்றால் கேட் தேர்வு. பட்டியலின, பழங்குடியின, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி, தகுதி மதிப்பெண்ணும் குறைவு. தகுதி பெற்று ஏஐசிடிஇ அங்கீகரித்த இடத்தில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய்.

ஆராய்ச்சிக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகைகள் இருக்கின்றன: பட்டியலினத்தவருக்கு ஆண்டுக்கு 2,000 இடம், பழங்குடியினருக்கு 750, மாற்றுத்திறனாளிகளுக்கு 200. முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, அதன் பிறகு 42,000, வீட்டு வாடகைப் படி தனி. நெட் அல்லது சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழியாகப் போகிறவர் என்றால், தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போதே பிரிவையும் மாற்றுத்திறன் விவரத்தையும் சரியாகக் குறிப்பிட வேண்டும். பின்னால் திருத்துவது கடினம். முழுநேர முனைவர் பட்டம் படிக்கும் பட்டியலின, பழங்குடியினருக்குத் தமிழ்நாடு அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது.

பணம் வராவிட்டால்

முதலில் சீடிங், அப்புறம் விண்ணப்ப நிலை, அப்புறம் கல்லூரி. இந்த வரிசையில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் பணம் வரவில்லை என்றால் திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். முதல்வரின் முகவரித் துறைக்கு 1100 என்ற எண்ணில் பேசலாம். மாற்றுத்திறனாளி என்பதற்காக இடமோ வசதியோ மறுக்கப்பட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்க 2016 சட்டம் வழி செய்திருக்கிறது. விண்ணப்பம் எந்த மேசையில், எத்தனை நாளாக இருக்கிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். மனுவில் விண்ணப்ப எண், யூமிஸ் எண், சரிபார்ப்பு முடிந்த தேதி மூன்றையும் எழுதுங்கள். ‘எனக்கு ஸ்காலர்ஷிப் வரவில்லை’ என்று மட்டும் எழுதிய மனு மேசைக்கு மேசை சுற்றிக்கொண்டிருக்கும். எண்ணும் தேதியும் உள்ள மனுவுக்கு யாராவது ஒருவர் கணினியைத் திறந்து பார்த்துப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.